மாடிப்படிக்கு அடியில் ஒரு ஆம்ப்

டெக்சாஸில் இந்த வீட்டை வாங்கியபோது கூடவே வந்தது அது. மாடிப்படிக்கு அடியில் துடைப்பமும் பழைய பெயின்ட் டப்பாக்களும் கிடக்கும் அலமாரிக்குள் ஒரு கறுப்புப் பெட்டி. மோனோப்ரைஸ் கம்பெனியின் ஆறு ஸோன் ஆம்ப்ளிஃபையர், அதாவது ஆறு இடங்களுக்குத் தனித்தனியாக ஒலி அனுப்பும் பெட்டி. ஒவ்வோர் அறையின் சீலிங்கிலும் இரண்டு ஸ்பீக்கர், சுவரில் ஒரு சின்னக் கீபேட். ஆறு இடங்களில் ஆறு விதமான பாட்டு ஓடலாம்.

"வைஃபை ஸ்பீக்கர் இருக்கிற காலத்தில் இது எதற்கு?" என்று என் கணவர் அதைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரோடு வந்தார். பின்னால் ஒன்பது முள் சீரியல் போர்ட், கம்ப்யூட்டரிலிருந்து கட்டளை அனுப்பும் வழி, இருப்பதைப் பார்த்துவிட்டேன். விடுவேனா?

சும்மா கிடந்த ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்து, யூஎஸ்பி சீரியல் அடாப்டர் வழியாக இணைத்தேன். அடாப்டர் இல்லாமல் பையின் பின்களிலேயே நேராகச் செருகிவிடாதீர்கள். அவை 3.3 வோல்ட்டுக்கானவை, ஆர்எஸ்-232 என்ற இந்த சீரியல் முறையின் கம்பியில் பிளஸ் 15, மைனஸ் 15 வரைகூட வரலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைக்க வேண்டிய செட்டிங்: வேகம் நொடிக்கு 9600 பிட், ஓர் எழுத்துக்கு எட்டு பிட், பாரிட்டி (பிழை பார்க்கும் பிட்) கிடையாது, முடிவில் ஒரு ஸ்டாப் பிட்.

கட்டளையும் குட்டியானதுதான். முதலில் < குறி, அப்புறம் ஸோன் எண், இரண்டு ஆங்கில எழுத்து, இரண்டு இலக்கம். பவருக்கு பிஆர், வால்யூமுக்கு விஓ, சோர்ஸ் மாற்ற சிஹெச். <11பிஆர்01 என்றால் ஹால் எழுந்திருக்க வேண்டும்.

எழுந்திருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முழுக்கப் போனது. கேபிளை மாற்றினேன், அடாப்டரைச் சந்தேகப்பட்டேன், பதினோராவது ஸோனே இல்லாத பெட்டியிடம் போய் 11 என்கிறோமே என்று 01 போட்டுப் பார்த்தேன். (11 என்றால் முதல் பெட்டியின் முதல் ஸோன். மூன்று பெட்டிகள் வரை கோர்க்கலாம் என்பதால் இந்தக் கணக்கு.) கடைசியில் பார்த்தால், என் ஸ்கிரிப்ட் வரி முடிந்ததைச் சொல்ல லைன் ஃபீட் என்ற குறியை அனுப்பிக்கொண்டிருந்தது. ஆம்ப் காத்திருந்தது கேரேஜ் ரிட்டர்ன் என்ற வேறொரு குறிக்காக. கண்ணுக்கே தெரியாத ஒரு எழுத்து! பத்து வருஷமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிறவள் நான். இதை ஆபீஸில் சொல்லவில்லை.

அதைத் திருத்தியதும் ஹால் கீபேடில் விளக்கு எரிந்தது. கேரேஜ் ரிட்டர்னையும் சேர்த்து எட்டே எழுத்துள்ள கட்டளை. இந்த வேகத்தில் ஒரு நொடியில் நூறு முறைக்கு மேல் அனுப்பலாம். அழுத்தினால் உடனே கேட்கிறது. எங்கோ இருக்கும் சர்வரிடம் போய் அனுமதி வாங்கிக்கொண்டு வரும் வேலையே இல்லை.

அன்றிரவே ஒரு கூத்து. வால்யூம் 0 முதல் 38 வரை. எங்கள் படுக்கையறைக்கு 13 வைக்கப் போய் 31 என்று தட்டிவிட்டேன். மணி பன்னிரண்டரை. அவர் எழுந்து உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். மறுநாள் முதல் வேலையாக, 22க்கு மேல் எந்த எண் வந்தாலும் நிராகரிக்கும்படி எழுதினேன்.

நாற்பது வரி எழுதி முடித்த பிறகுதான் இதற்கென்றே பைதான் லைப்ரரி (யாரோ எழுதிவைத்த ரெடிமேட் கோடு) இருப்பதும், வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் சாஃப்ட்வேரில் தயாராகவே ஒரு இணைப்பு இருப்பதும் தெரிந்தது. சரி, போகட்டும். என் நாற்பது வரி எனக்குப் பிடித்திருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது கேள்விக்குறிதான். ?10 என்று கேட்டால் ஆறு ஸோனும் ஆளுக்கொரு வரி பதில் சொல்லும். வரிக்கு இருபத்திரண்டு இலக்கம், இரண்டிரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும்: முதலில் ஸோன் எண், பிறகு பவர், மியூட், வால்யூம், ட்ரெபிள், பேஸ் எல்லாம் அதில் இருக்கும். பேஸ் 07 என்றால் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சுவர்க் கீபேடில் யாராவது கைவைத்தாலும் அடுத்த பதிலில் தெரிந்துவிடும். ஐந்து நொடிக்கு ஒரு முறை கேட்டு, மணியோடு சேர்த்து ஒரு ஃபைலில் குறித்துவைக்கிறேன்.

போன வாரம் பையனிடம், "ராத்திரி பாட்டுக் கேட்டியா?" என்றேன். "பத்து மணிக்கே தூங்கிட்டேன்மா" என்றான். ஸோன் 15 (அவன் அறை), ராத்திரி 11:40, வால்யூம் 19. லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அந்த ஃபைலை எங்கேம்மா சேவ் பண்ற?" என்று கேட்டான்.