மகரக்கட்டு வயதில் பாட்டு வகுப்பு: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 16, 2025, திங்கள்

மேலூர்ப் பக்கத்து அரசு நடுநிலைப் பள்ளி. வாரத்தில் மூன்று அரை நாள் எனக்கு இங்கே இசை வகுப்பு. ஆறு, ஏழு, எட்டு.

காலை வணக்கத்தில் இன்று எட்டாம் வகுப்பு வரிசைக்குப் பின்னால் போய் நின்றேன். முன்னால் நிற்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழ்த்தாய் வாழ்த்தைக் கழுத்து நரம்பு புடைக்கப் பாடுகிறார்கள். எட்டாம் வகுப்புப் பையன்களில் பாதிப் பேருக்கு உதடு மட்டும்தான் அசைகிறது. ஒருவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எனக்கு வாய்ஸ் போயிருச்சு டீச்சர்."

ஆறாம் வகுப்பில் சரளி வரிசையை, அதாவது முதல் சுரப் பாடத்தை, மூன்று வேகத்திலும் பிசகாமல் பாடியவன் இவன். குரல் போகவில்லை, வளர்கிறது; மகரக்கட்டு என்பது இந்தக் குரல் உடையும் பருவத்தைத்தான். அதை இவனுக்கு யாருமே சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

எட்டாம் வகுப்பில் இன்று பாட்டே இல்லை. கரும்பலகையில் குரல்வளையை வரைந்தேன். உள்ளே இருக்கும் குரல் நாண்கள் இந்த வயதில் நீளமாகின்றன, தடிக்கின்றன. பையன்களுக்குச் சுருதி ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ச-வில் இருந்து அடுத்த ச வரை உள்ள தூரம், கீழே இறங்கிவிடும். சிலருக்கு அது சில மாதங்களில் முடியும், சிலருக்கு வருடக் கணக்கில் இழுக்கும். பெண்களுக்கும் குரல் மாறுகிறது. இறக்கம் கொஞ்சம்தான். ஆனால் ஒரு பருவத்தில் குரலோடு காற்றும் கலந்து வரும்.

கடைசி பெஞ்சில் இருந்து ஒரு கேள்வி: "அப்ப ஏன் டீச்சர் நடுவுல கிறீச்சுன்னு போகுது?" நாண் நீண்டுவிட்டது, அதை இழுத்துப் பிடிக்கும் தசைகள் இன்னும் புது அளவுக்குப் பழகவில்லை என்றேன். ஒரு பையன் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். கேலி செய்து சிரிக்கும் கூட்டம் இன்று சிரிக்கவில்லை.

ஜூன் 25, புதன்

ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பாடச் சொல்லி, கீழே எதுவரை போகிறது, மேலே எதுவரை போகிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். போனில் சுருதிப்பெட்டி. இடம், நூலக அறையின் மூலை. மற்றவர்கள் காதில் விழாது என்றதும் வாய் திறக்காதவர்கள்கூடத் திறந்தார்கள்.

பள்ளியில் வழக்கமாக வைக்கும் சுருதி ஐந்தரைக் கட்டை (ச எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லும் அளவு கட்டை). சின்னப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் அது தோதான இடம். குரல் இறங்கிவிட்ட பையன்களோ அந்தச் சுருதியில் ச, ரி, க, ம, ப வரை வந்து பஞ்சமத்தோடு நின்றுவிடுகிறார்கள். அடுத்த சுரமான தைவதம் (த) என்றதும் குரல் உடைகிறது. சரி, ஒரு ஸ்தாயி கீழே பாடட்டும் என்றால் அங்கே ஷட்ஜமமே (ச) எட்டவில்லை, காந்தாரத்தில் (க) இருந்துதான் குரல் கிடைக்கிறது. மேலேயும் இடமில்லை, கீழேயும் இடமில்லை. பிறகு உதட்டை அசைத்துவிட்டு நிற்காமல் என்ன செய்வார்கள்?

ஜூலை 4, வெள்ளி

சுருதியை ஒரு கட்டைக்கு மாற்றினேன்.

குரல் உடையாத பிள்ளைகளும் பெண்களும் மேல் ஸ்தாயியில் பாடுகிறார்கள். அது அடுத்த ஸ்தாயியின் ஒரு கட்டை, ஐந்தரையைவிட நான்கு அரைச்சுரம் ஏற்றம், ஆனாலும் அவர்களுக்கு அது எட்டுகிறது. இறங்கிய குரல்காரர்கள் அதே சுரங்களைக் கீழ் ஸ்தாயியில் பிடிக்கிறார்கள். ஷட்ஜமம் முதல் மேல் ஷட்ஜமம் வரை முழுசாக வருகிறது. நடுவில் தத்தளிக்கும் நாலைந்து பேருக்கு மட்டும் வேறு வழி: மேல் குரல்காரர்களோடு நின்று, ஷட்ஜமத்துக்குக் கீழே மந்திர பஞ்சமம் வரையும் மேலே பஞ்சமம் வரையும் பாடுவார்கள். அதற்கு மேல் வரும் சுரங்களில் வாயை மூடிக்கொண்டு தாளம் போடுவார்கள். இது தண்டனை இல்லை, உன் பங்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இரண்டு ஸ்தாயியும் சேர்ந்து ஒலித்ததும் பக்கத்து அறை ஆங்கில டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வகுப்பா இது?" என்றார்.

சுருதியை ஆசிரியரின் தொண்டைக்குத் தோதாக வைப்பதுதான் பள்ளிகளில் நடைமுறை. பாடப்போவது பிள்ளைகள். அவர்கள் தொண்டைக்குத்தான் அது பொருந்த வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் "உனக்குப் பாட்டு வராது" என்று ஒதுக்கப்பட்டவர்கள் பிறகு தாலாட்டுக்குக்கூட வாய் திறக்காமல் போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஜூலை 9, புதன்

கணக்கு சார் ஏழாம் வகுப்புப் பீரியடைக் கேட்டார். நானும் இருக்கிறேன், இருவரும் சேர்ந்து எடுப்போம் என்றேன். வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குத் தகிட என்ற மூன்றெழுத்துத் தாளச்சொல், மறு பாதிக்குத் தகதிமி என்ற நான்கெழுத்துச் சொல். ஒரே வேகம், தொடக்க எழுத்தில் மட்டும் கைதட்டல். ஒவ்வொரு பன்னிரண்டு எண்ணிக்கைக்கும் ஒருமுறை இரு கூட்டத்தின் தட்டலும் ஒன்றாக விழுந்தது. "மூணுக்கும் நாலுக்கும் மீச்சிறு பொது மடங்கு என்னடா?" என்றார் சார். பதில் அறை அதிர வந்தது. அடுத்து தகதகிடவும் தகதிமியும், அதாவது ஐந்தும் நான்கும். இருபதில் சேர வேண்டியது. சேரவில்லை, எல்லாம் குழம்பியது. வெள்ளிக்கிழமை திரும்பப் போட வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

இன்றைய வகுப்பை விரிவாகவே எழுதி வைக்கிறேன்.

சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை என்று ஒரு காதை. மதுரைக்கு வெளியே ஆயர்பாடி. பால் உறையவில்லை, தீக்குறிகள் தெரிகின்றன என்று மாதரி குரவைக் கூத்து ஆடச் சொல்கிறாள். ஏழு பெண்களை நிறுத்தி, ஏழு சுரங்களின் பெயரை அவர்களுக்கு வைக்கிறாள்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். குரலாக நிற்பவள் மாயவன் (கண்ணன்), இளியாக நிற்பவள் அவன் அண்ணன் பலராமன், துத்தம் அவன் துணைவி நப்பின்னை. இளங்கோவடிகள் எழுதி வைத்திருக்கும் இதைவிட நல்ல பாடத்திட்டம் இசை வகுப்புக்குக் கிடைக்காது என்று எனக்கு நெடுநாளாக எண்ணம்.

எட்டாம் வகுப்பில் ஏழு பேரை வட்டமாக நிறுத்தினேன். ஆளுக்கு ஒரு சுரம். நான் கை காட்டும்போது அவரவர் சுரத்தை மட்டும் பாட வேண்டும். குரலையும் இளியையும், அதாவது ஷட்ஜமத்தையும் பஞ்சமத்தையும், குரல் இறங்கிய இரண்டு பையன்களிடம் கொடுத்தேன். வட்டத்தைத் தாங்குவது அந்த இரண்டு சுரங்கள்தான். முதல் முறை ஷட்ஜமக்காரன் தயங்கித் தயங்கித் தொட்டான். மூன்றாவது சுற்றில் மற்ற ஆறு பேரும் அவனைக் கேட்டுத்தான் தங்கள் சுரத்தைச் சரிசெய்துகொண்டார்கள். அவனுக்கே அது தெரிந்தது. முதுகு நிமிர்ந்துவிட்டது.

ஏழு சுரமும் அரிகாம்போதி ராகத்தில் நிலைத்த பிறகு, "உழையும் தாரமும் உட்காருங்க" என்றேன். மத்திமமும் நிஷாதமும் போய் ச, ரி, க, ப, த மட்டும் மிச்சம். தமிழ்த்தாய் வாழ்த்தின் முதல் வரிக்கு உரிய சுரங்களை ஒவ்வொன்றாகக் கை காட்டிக்கொண்டே வந்தேன். பாதி வரி போவதற்குள் வட்டத்துக்கு வெளியே இருந்து ஒரு பெண், "டீச்சர், இது பிரேயர் பாட்டு!" என்று கத்தினாள்.

அதேதான். எம்.எஸ். விஸ்வநாதன் அதற்கு மெட்டுப் போட்டது, அந்த ஐந்து சுரங்களே உள்ள மோகன ராகத்தில். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை ராகத்தை முல்லைப்பாணி, மோகனம் என்று குறிப்பிடுகிறது. தாளம் மூன்றன் நடை, மூன்று மூன்றாக எண்ணுவது. பாட வேண்டிய நேரம் 55 வினாடி. எங்கள் பள்ளியில் அதை இழுத்து இழுத்து ஒன்றேகால் நிமிடத்துக்குக் கொண்டுபோகிறார்கள், அது தனிக் கதை.

இசைப் பாடத்தை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குவது புரந்தரதாசர் காலத்து வழி என்பார்கள். வீட்டில் தினமும் உட்கார்ந்து சாதகம் செய்யும் பிள்ளைக்கு அதுவே சிறந்த தொடக்கம். வாரத்துக்கு ஒரு பீரியட் கிடைக்கும் பிள்ளைக்கு, காது ஏற்கெனவே பழகிய மோகனத்தில் இருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். அவர்கள் ஒன்றாம் வகுப்பில் இருந்து தினமும் பாடுகிற ராகம் அது. பெயர் தெரியாது, அவ்வளவுதான்.

ஜூலை 30, புதன்

ஒரு பையனின் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகும் வழியில் வந்து வாசலில் நின்றார்.

"தொண்டையில ஏதும் கட்டியா இருக்குமோ டீச்சர்? ஒரு மாதிரி கரகரன்னே பேசுறான். டாக்டர்ட்ட காட்டணுமா?"

"மகரக்கட்டுமா. வயசுதான். காய்ச்சல், வலி எதுவும் இல்லேல்ல?"

"அதெல்லாம் இல்ல."

"அப்ப பயப்படாதீங்க. கத்திப் பேச வேணாம்னு மட்டும் சொல்லுங்க. நல்லாத் தண்ணி குடிக்கட்டும்."

"பாடக் கூடாதுல்ல?"

பாடலாம், எட்டுகிற இடத்தில் மட்டும் என்றேன். இந்த வயதில் பாட்டை நிறுத்திவிட வேண்டும் என்ற எண்ணம் பல வீடுகளில் இருக்கிறது. வலுக்கட்டாயமாக மேலே இழுப்பதுதான் கெடுதல்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மிஸ்ர நடை, அதாவது ஏழு எண்ணிக்கை நடை, சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தகிட தகதிமி. வகுப்பு தடுமாறும்போது ஒருவன் மட்டும் பெஞ்சில் விரலால் அதை அப்படியே அடித்துக்கொண்டிருந்தான், நடுவில் தன் சொந்த அடியும் சேர்த்து. எங்கே கற்றாய் என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். "அவங்க சித்தப்பா பறை அடிப்பாரு டீச்சர்" என்றான் பக்கத்தில் இருந்தவன். இரண்டு பேர் சிரித்தார்கள். எந்தச் சிரிப்பு என்று எனக்குத் தெரியும்.

பாடத்தை நிறுத்தினேன். நம் மதுரைக்காரரான வேலு ஆசானுக்கு இந்த ஆண்டு பத்மஸ்ரீ அறிவித்தார்களே, எதற்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியவில்லை. பறைக்கு என்றேன். சிரித்த இருவரையும் எழுப்பி, அவன் அடித்ததைத் திருப்பி அடிக்கச் சொன்னேன். முடியவில்லை. அவனையே சொல்லிக் கொடுக்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 13, புதன்

தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கியிருந்தேன். சித்தப்பா வந்தார். பள்ளிக்குப் பின்னால் காகிதமும் ஓலையும் கொளுத்தி, பறையின் தோலைத் தீக்கு முன் காட்டிக் காட்டி எடுத்தார். ஒவ்வொரு முறையும் விரலால் தட்டிப் பார்த்தார். மந்தமாக இருந்த ஒலி மெல்ல இறுகிக் கணீரென்று ஆனது. தம்புராவில் ஜீவாளி நூலை நகர்த்தி நாதம் பார்ப்பவரின் காதுக்குச் சற்றும் குறையாத காது அது. இடக்கையில் மெல்லிய நீளமான சிண்டு, வலக்கையில் தடித்த அடிகுச்சி. இரண்டும் தோலில் விழும் இடத்தைப் பிள்ளைகளுக்குக் கிட்டத்தில் காட்டினார்.

"என்ன தாளம் சார் இது?" என்று ஒரு பெண் கேட்டாள். அந்த "சார்" அவருக்குப் பழக்கமில்லாதது போலிருந்தது. சட்டையை ஒருமுறை சரிசெய்துகொண்டு பதில் சொன்னார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். எட்டாம் வகுப்பு இரண்டு ஸ்தாயியில் பாடியது, ஒரு கட்டைச் சுருதியில். பறையும் சேர்ந்தது. தமிழ்த்தாய் வாழ்த்தை இழுக்காமல் பாடினார்கள். மைக் இரண்டு முறை நின்று போனது, பிள்ளைகள் நிறுத்தவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது, பீரியட் குறைவு. ஒரு பெண் மட்டும் தனியாக வந்தாள். "முன்ன மாதிரி சுத்தமா வரல டீச்சர், காத்தா வருது." பையன்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது பெண் பிள்ளைகள் இப்படி விடுபட்டுப் போகிறார்கள். அவளுக்கு மெல்லிய குரலில் 'ம்' காரத்தில் ஷட்ஜமம் பிடிக்கும் பயிற்சி கொடுத்திருக்கிறேன். சத்தம் வேண்டாம், நீளமும் வேண்டாம். ஒரு மூச்சில் வந்த அளவு போதும்.

அக்டோபர் 8, புதன்

விடுமுறை முடிந்து, நூலக மூலையில் மறுபடியும் எல்லோருடைய குரலையும் குறித்தேன். ஜூன் பட்டியல் இனி உதவாது. அப்போது நடுவில் தத்தளித்தவர்களில் இருவர் நன்றாகவே கீழே இறங்கிவிட்டார்கள், கீழ் ஷட்ஜமம் திடமாக நிற்கிறது. மேல் ஸ்தாயியில் முதல் வரிசையில் நின்ற ஒருவனுக்கு இப்போதுதான் உடையத் தொடங்கியிருக்கிறது. அவனை நடுக் கூட்டத்துக்கு மாற்றினேன். முகம் கொஞ்சம் வாடியது. ஜூனில் "வாய்ஸ் போயிருச்சு" என்றவன் அவனைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, எந்தச் சுரத்தில் வாயை மூட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை ஏழாம் வகுப்புக்கு ரூபக தாளத்து அலங்காரம் என்ற சுரப் பயிற்சி. அதற்கு முன் அவர்கள் குரலையும் குறித்துவிட வேண்டும்; அங்கேயும் இரண்டு மூன்று பேருக்குத் தொடங்கிவிட்டது.