காலையில் பட்டன், ராத்திரி ஸ்ட்ரைக்கர்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

நேற்று மாத்திரை நாள். எனக்கு முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்). அதற்கான மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள்தான், எனக்கு அது சனிக்கிழமை ராத்திரி. போட்டுவிட்டுப் படுத்தால் குமட்டலெல்லாம் ஞாயிறோடு ஒழிந்துவிடும், திங்கள் கடைக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டு வைத்த நாள். கணக்கில் இடிப்பது காசிமேட்டு மீன். தண்டையார்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மேல் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் வஞ்சிரமோ சங்கராவோ பொரிகிற வாசனை வரும், நான் மட்டும் மோர் சாதத்தையும் எலுமிச்சை ஊறுகாயையும் வைத்துக்கொண்டு மூக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன்.

அட்டையின் மேல் மார்க்கரால் ‘சனி மட்டும்’ என்று பெரிதாக எழுதி, அம்மாவின் பிரஷர் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில்கூடப் போகாமல் பீரோவில் தனியாக வைத்திருக்கிறேன். இதைத் தெரியாமல் தினமும் போட்டுக்கொண்டவர்களுக்கு வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். வீட்டில் யாராவது இந்த மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால் இன்றைக்கே அட்டையை எடுத்துப் பாருங்கள். மற்ற நாட்களில் ஃபோலிக் ஆசிட்.

ஜனவரி 8, புதன்

பனி. ஆறு மணிக்கு எழுந்தேன், ஏழே முக்கால் வரை விரல் மடங்கவில்லை. முஷ்டி மூட்டுகளும் விரலின் நடு மூட்டுகளும் மணிக்கட்டும், இரண்டு கையிலும் ஒரே மாதிரி. விரல் நுனி மூட்டுகளை மட்டும் இந்த நோய் பெரும்பாலும் விட்டுவைக்கும், அதனால் பட்டனைத் தொட முடிகிறது, பிடிக்க முடிவதில்லை. மேல் பட்டனை ஓட்டைக்குள் பாதி நுழைத்து அந்தப் பக்கமிருந்து இழுக்கிற அந்த ஒரு நொடிக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று அழுத்த வேண்டும் பாருங்கள், அது வரவே வராது. மனைவி வந்து போட்டுவிட்டுப் போனாள். ஒன்றும் பேசவில்லை, பேசாமல் போட்டுவிடுவதுதான் எனக்கும் வசதி.

பக்கெட்டில் வெந்நீர், அதில் இரண்டு கையும், அப்புறம் காபி, அதற்கப்புறம்தான் பல் தேய்ப்பது. பிரஷ் கைப்பிடியில் பழைய பனியன் துணியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன், பிடி பருமனாக இருந்தால் அவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. திருகுகிற குழாயை எடுத்துவிட்டு நீளக் கைப்பிடி வைத்த குழாய் மாட்டியாயிற்று, முழங்கையாலேயே திறக்கலாம். வண்டியும் அப்படித்தான், கிளட்ச் பிடிக்க முடியாமல் பைக்கை விற்றுவிட்டு ஸ்கூட்டர் வாங்கினேன். இப்போது அதுவும் சாயந்திரம்தான், காலையில் மண்ணடிக்கு மெட்ரோ.

ராத்திரி எட்டு மணிக்கு மன்றத்தில் இரண்டு போர்டு கேரம் ஆடினேன். இரண்டும் ஜெயித்தேன்.

ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

சொந்தக்காரர்கள் வந்து போனார்கள். எல்லாரும் டாக்டர். உருளைக்கிழங்கு வாயு, வாழைக்காய் வாயு, ஆட்டுக்கால் சூப் குடி, யூரிக் ஆசிட் பார்த்தியா. யூரிக் ஆசிட் வேறு நோய் மாமா, இது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் மூட்டின் சவ்வை எதிரி என்று நினைத்து அடிக்கிறது என்று சொன்னேன். “ஆம்பளைக்கு வருமாடா இது?” என்றார். பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வரும், அதற்காக நமக்கு வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. சிகரெட்டும் ஒரு காரணம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள், நான் நிறுத்திவிட்டேன், மாமா அதைக் கேட்டுக்கொண்டே வாசலில் ஒன்று பற்றவைத்தார்.

சித்தப்பா ஒரு பொட்டலம் சூரணம் கொடுத்தார், மூன்றே நாளில் கை லேசாகிவிடுமாம். மூன்று நாளில் லேசாகிறது என்றாலே எனக்குப் பயம். இப்படிப் பேர் தெரியாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை எத்தனையோ தடவை சோதனையில் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஸ்டீராய்டின் ருசி எனக்கும் தெரியும், ஆரம்பத்தில் கொஞ்ச நாள் டாக்டரே கொடுத்தார், கல்யாண மாப்பிள்ளை மாதிரி எழுந்து நடந்தேன். 1948-ல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற டாக்டர் இதே நோயில் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாக கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார், சில நாளிலேயே அவர் எழுந்து நடந்துவிட்டார். 1950-ல் ஹென்சுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் நோபல் பரிசு. அப்புறம்தான் முகம் வீங்குவதும் எலும்பு கரைவதும் சர்க்கரை ஏறுவதும் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. டாக்டர் அளந்து கொடுத்து, அளந்து குறைத்து நிறுத்துகிற வரை அது மருந்து. பொட்டலத்தில் எவ்வளவு இருக்கிறது என்று யார் அளந்தது? சித்தப்பா மனசு நோகக்கூடாது என்று வாங்கி வைத்தேன், அவர் ஆட்டோ ஏறியதும் குப்பையில் போட்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

இன்றைக்கு ரொம்பக் கடுப்பு. கடையில் (நட்டு போல்ட்டு மொத்த வியாபாரம், நான் கணக்கு) முதலாளியிடம் ஒன்பதரைக்குப் பதிலாகப் பதினொன்றுக்கு வருகிறேன் என்று கேட்டிருந்தேன். எங்கள் தெருப் பையன் ஒருத்தன் கடையில் லோடு ஏற்றுகிறான், அவன் வாய் சும்மா இருக்காது. முதலாளி எல்லார் முன்னாலும் கேட்டார்: “காலையில பேனா புடிக்க முடியல, ராத்திரியில ஸ்ட்ரைக்கர் மட்டும் புடிக்க முடியுதா?”

கேட்டது தப்பில்லை, கேட்ட விதம் தப்பு. சரி என்று உட்கார்ந்து சொன்னேன். உங்க அம்மாவுக்கு இருக்கிறது முட்டி தேய்மானம், நடக்க நடக்க வலிக்கும், சாயந்திரம் அதிகம், ஓய்வெடுத்தால் குறையும். எனக்கு நேர் எதிர், தூங்கி ஓய்வெடுத்தால்தான் பிடித்துக்கொள்ளும். விடியற்காலையில் வீக்கத்தைத் தூண்டுகிற ரசாயனங்கள் ரத்தத்தில் ஏறி நிற்கும், அதை அடக்குகிற உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசால் ராத்திரியில் குறைவாக இருக்கும். வெயில் ஏறி, கை அசைய அசையத்தான் விடும். அதனால் காலை ஏழு மணிக்கு என்னைப் பார்ப்பவனும் ராத்திரி எட்டு மணிக்குப் பார்ப்பவனும் வேறு வேறு ஆளைத்தான் பார்க்கிறார்கள், இரண்டு பேர் சொல்வதும் நிஜம்.

ரிப்போர்ட்டையும் நீட்டினேன், இந்த நோயைக் காட்டுகிற ரத்த டெஸ்ட்டான ஆன்ட்டி சி.சி.பி. பாசிட்டிவ் என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. அவர் அதைப் பார்க்கவில்லை. “அப்போ ராத்திரி இருந்து டே புக் முடிச்சுட்டுப் போ” என்றார். பதினொன்றிலிருந்து எட்டரை. சம்பளத்தில் கை வைக்கவில்லை. மன்றத்துக்கு இனி ஒன்பதுக்கு மேல்தான்.

பிப்ரவரி 3, திங்கள்

ஆஸ்பத்திரி. லிவர், ரத்த அணுக்கள், உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டுகிற ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. எல்லாம் பார்த்தார்கள். சி.ஆர்.பி. இறங்கியிருக்கிறது. லிவர் நன்றாக இருக்கிறது, குடிக்கக்கூடாது என்று மறுபடியும் சொன்னார். இதே நோய்க்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற இன்னொரு மாத்திரையும் சாப்பிடுவதால் கண் விழித்திரை டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்தார். டாக்டர் கையை எடுத்து மூட்டு மூட்டாக அழுத்திப் பார்ப்பார், வலிக்கிறது எத்தனை, வீங்கியது எத்தனை என்று எண்ணி எழுதுவார், மொத்தம் 28 மூட்டு. போன தடவையைவிடக் குறைவு என்றார்.

ஒரு சந்தேகமும் கேட்டேன். 16-ம் தேதி ஞாயிறு டபுள்ஸ் டோர்னமெண்ட், முந்தின ராத்திரி மாத்திரை போட்டால் போர்டைப் பார்த்தே வாந்தி வரும். அந்த ஒரு வாரம் மட்டும் ஞாயிறு ராத்திரி போடு, ஆனால் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்காதே என்றார். அப்புறம் எந்த விரலில் ஆடுவாய் என்று கேட்டார்! மேஜையிலேயே காட்டினேன்.

நடுவிரலைக் கட்டைவிரலில் மடக்கிச் சுண்டுவதுதான் என் பழைய ஆட்டம். முஷ்டி மூட்டு வீங்கியதிலிருந்து அது மடங்காது. இப்போது ஆள்காட்டி விரலை நடுவிரலுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து விடுகிறேன், கட்டைவிரல் வேலையே இல்லை. வேகம் பாதிதான், சட்டத்தில் மோதித் திரும்பி வருகிற டபுள் அடிக்க முடியாது. ஆனால் மெல்ல உருட்டி காயினைப் பாக்கெட் வாயில் கொண்டுபோய் நிறுத்துவது, எதிராளி காயினுக்கு வழியடைப்பது எல்லாம் முன்னைவிட நன்றாக வருகிறது. இடது கையில் ஆடச் சொல்லி மன்றத்தில் யோசனை சொன்னவர்களுக்கு: நோய் இரண்டு கையிலும் இருக்கிறது அண்ணே.

பிப்ரவரி 17, திங்கள்

டிராவில் எங்கள் முதல் ஆட்டத்தைக் காலை ஒன்பதரைக்குப் போட்டிருந்தார்கள். மாற்றித் தரச் சொல்லி நடத்துகிறவரிடம் ஒரு வாரம் நடையாக நடந்தேன். “மரிய இருதயமே வந்தாலும் டிரா டிராதான்” என்றார். மரிய இருதயம் 1991-லும் 1995-லும் கேரம் உலக சாம்பியன், வடசென்னையில் கேரம் பேச்சு எடுத்தால் அவர் பேரைத் தொடாமல் முடியாது. போன நவம்பரில் செரியன் நகர் காசிமா அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியதிலிருந்து எங்கள் பக்கம் போட்டிகளில் பெண் பிள்ளைகள் கூட்டம் வேறு, நேரமே இல்லையாம். கடைசியில் என் ஜோடிப் பையன்தான் சாயந்திர டீம் ஒன்றிடம் பேசி, மாற்றிக்கொள்ள ஒப்புக்கொள்ள வைத்தான். அவனுக்குப் பத்தொன்பது வயது, என்னை “அங்கிள்” என்கிறான், ஆட்டத்தில் மட்டும் “டேய் ஃபாலோ எடு” என்று கத்துகிறான்.

நேற்று சாயந்திரம் நாலரைக்கு முதல் ஆட்டம், ஜெயித்தோம். இரண்டாவதில் கடைசி போர்டு வரை போய்த் தோற்றோம். ரெட் என் கையில்தான் இருந்தது, போட்டேன், ரெட்டைத் தொடர்ந்து போட வேண்டிய ஃபாலோ நேர் காயின், வேகம் பத்தாமல் பாக்கெட் வாயில் நின்றுவிட்டது. எதிர் டீமில் ஒருத்தர் கை குலுக்க வந்து இறுக்கிப் பிடித்தார், கத்திவிட்டேன், பாவம் பயந்துபோனார். இனிமேல் வணக்கம்தான்.

ராத்திரி மாத்திரை. இன்றைக்குக் கடைக்கு லீவு, குமட்டல், வலது முஷ்டி வீங்கி ஐஸ் வைத்துக்கொண்டிருக்கிறேன், அதனால் இதை போனில் வாயால் சொல்லித்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் அதன் வேலை. மத்தியானம் பையன் போன் செய்தான், அடுத்த மாதம் திருவொற்றியூரில் ஒரு போட்டியாம், பேர் கொடுக்கட்டுமா என்றான். சாயந்திர ஆட்டம் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடு என்றேன்.