திரும்பி வந்த தட்டுகள்

குமுளியில் ஒரு ரிசார்ட் கிச்சனில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். அதில் முதல் எட்டு மாசம் கத்தியைத் தொடவே இல்லை. கேட்டரிங் டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு கம்பத்திலிருந்து லோயர்கேம்ப் வழியாக மலையேறிப் போனவனை நேரே ஸ்டூவர்டிங்கில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம், பாத்திரம் கழுவுகிற இடம்தான். "ரெண்டு மாசம் பாரு, அப்புறம் கமி ஆக்கிடலாம்" என்றார்கள். கமி என்றால் சமையலில் கடைநிலை உதவியாள். அந்த ரெண்டுதான் எட்டாக வளர்ந்தது.

அங்கே எனக்கு வாத்தியார் ஒரு அக்கா. சொந்த ஊர் கம்பத்துக்குப் பக்கத்துக் கூடலூர். செக்போஸ்டுக்குப் பக்கத்தில் வாடகை வீடு. அதற்கு முன்னால் இருபது வருஷம் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வந்தவர். முதுகு பிடித்துக்கொண்டதும் இங்கே வந்துவிட்டார். சாப்பிட்ட தட்டு உள்ளே வந்ததும், வழித்துப் போடுவதற்கு முன் ஒரு பார்வை பார்ப்பார். "மூணாம் நம்பர் மேசைக்கு மீனு பிடிக்கல." "இந்தப் பிள்ளை சாப்பிடவே இல்ல தம்பி, போனைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கு." ஹாலிலிருந்து பரிமாறுகிறவர்களின் தலைவரான கேப்டன் கொண்டுவரும் சேதியைவிட இது சரியாக இருக்கும். மிச்சமெல்லாம் நீல டிரம்முக்குப் போகும். காலையில் பன்றிப் பண்ணைக்காரர் வந்து எடுத்துக்கொள்வார்.

'தி மெனு' என்ற இங்கிலீஷ் படத்தை ரொம்பத் தாமதமாகத்தான் பார்த்தேன். மார்க் மைலாட் இயக்கி 2022இல் வந்த படம். ஒரு தனித்தீவில் ரெஸ்டாரன்ட், தலைக்கு 1,250 டாலர். அன்றைய கணக்கில் நம் பணத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும். செஃப் ஸ்லோவிக்காக ரேஃப் ஃபைன்ஸ். அவர் ஒரு முறை கைதட்டினால் மொத்த கிச்சனும் ஒரே குரலில் "யெஸ் செஃப்" என்கிறது. கோர்ஸ், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக வரும் பதார்த்தம், ஏற ஏற ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கடைசி இனிப்பு வகையில் சமைத்தவர்களும் சாப்பிட்டவர்களும் சேர்ந்தே எரிகிறார்கள். (முடிவைச் சொல்லிவிட்டேன், பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ளவும். சமையல்காரன் வாயில் ரகசியம் தங்காது.)

கிச்சன் விஷயத்தில் படம் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவில், ரெஸ்டாரன்ட்களுக்குப் பெரிய கௌரவமான மிஷெலின் ஸ்டார் மூன்று வாங்கிய முதல் பெண் செஃப் டொமினிக் கிரென்தான் ஆலோசகர். தட்டு மேல் குனிந்து ட்வீசரால் இலை வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்களே, அது அப்படியே உண்மை. அதைவிட உண்மை, வேலைக்காரர்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் வரிசைக் கட்டிலில் படுப்பது. எங்களுக்கு ஒரு ரூமுக்கு எட்டுப் பேர், ஒரு பாத்ரூம். நடுவில் இடைவெளி விட்டு ரெண்டு வேளை வேலை பார்க்கிற பிரேக் ஷிஃப்டில், மதிய வேலை முடிந்து மூன்றரைக்குப் படுத்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு அடுத்தவனுடைய அலாரம் நம்மை எழுப்பும். ஆர்டர் இங்கிலீஷில், திட்டு மலையாளத்தில், புரணி தமிழில், அசாம் பையன்களோடு இந்தியில் என்று நாலு பாஷையில் ஓடும் கிச்சன். காலை ஆறு மணிக்குக் கம்பம் மார்க்கெட்டிலிருந்து காய் வண்டி வரும். டிரைவர் எங்கள் தெருக்காரர். அந்தப் பத்து நிமிஷம் மட்டும் ஊரில் இருப்பது போல இருக்கும்.

படத்தில் ரொட்டி இல்லாத ரொட்டித் தட்டு ஒன்று வரும். ரொட்டி ஏழைகளின் உணவு, நீங்கள் ஏழைகள் இல்லை, ஆகவே உங்களுக்கு ரொட்டி கிடையாது, தொட்டுக்கொள்கிற சங்கதிகள் மட்டும்தான் என்பார் செஃப். தியேட்டரில் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வியர்த்தது. ஏனென்றால் எங்கள் ஏழு கோர்ஸ் மெனுவில் நாலாவதாக 'கப்பையும் மீனும்' இருந்தது. கப்பை என்றால் நம் மரவள்ளிக்கிழங்கு. ஆனால் தட்டில் கிழங்கு இருக்காது. வேகவைத்து, தேங்காய்ப்பால் விட்டு அரைத்து, வடிகட்டி, கேஸ் அடைத்த சைஃபன் குடுவையில் ஊற்றி, நுரையாகப் பீய்ச்சுவோம். குடம்புளி மீன்குழம்பு சிவப்புச் சொட்டுகளாகச் சுற்றி நிற்கும். மேலே ஒரே ஒரு கறிவேப்பிலை. இதைப் பரிமாறும்போது கேப்டன் கதை சொல்ல வேண்டும்: இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி வரத்து நின்றபோது திருவிதாங்கூர் ஜனங்களின் வயிற்றைக் காத்த கிழங்கு இது என்று. வயிற்றைக் காத்த கிழங்கு ரெண்டு ஸ்பூன் நுரையாக மேசையில் உட்கார்ந்திருக்கும்.

அது வருவதும் தட்டில் இல்லை, ஸ்லேட் கல்லில். இந்தக் கல்லைப் பற்றி ஒரு பாரா எழுதாமல் என்னால் நகர முடியாது. மெஷினில் போட்டால் ஓரம் பிளந்துகொள்ளும், கையால்தான் கழுவ வேண்டும். மீன்குழம்பின் எண்ணெய் கல்லில் இறங்கித் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். கம்பி நாரால் தேய்த்தால் கீறல் விழும், தேய்க்காவிட்டால் வாடை போகாது. காய்ந்ததும் துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்துக் கருப்பாக மின்ன வைக்க வேண்டும். நாற்பது கல். அக்காவின் வலது கட்டைவிரல் ஓரத்தில் ஆறாத வெட்டு ஒன்று எப்போதும் இருக்கும்.

ஒருவழியாக என்னைக் கமியாக மேலே ஏற்றினார்கள். நுரை என் பொறுப்பாயிற்று. ஒரு சனிக்கிழமை ராத்திரி, கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கத் தாமதமான குழப்பத்தில், அரைக்கும்போது போட்ட உப்பை மறந்து வடிகட்டிய பிறகும் போட்டுவிட்டேன். ருசி பார்க்கவில்லை. பார்த்தேன் என்று, செஃப்புக்கு அடுத்த இடத்தில் இருக்கும் சூ செஃப்பிடம் சொன்னேன். பதினாலு கல் வெளியே போயின.

ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. போட்டோ எடுத்தார்கள். கேப்டன் சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தார். ஐந்தாவது கோர்ஸுக்குத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா ஈரக்கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வர மாட்டார், ஈரக்கையோடு சமையல் பக்கம் போகக்கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம்.

"தம்பி, இன்னைக்கு உன் நுரை பூரா திரும்பி வந்துருச்சு."

செஃப் காதில் விழுந்துவிட்டது. கோட்டயத்துக்காரர், பல வருஷம் கப்பலில் சமைத்தவர். எதுவும் பேசாமல் கழுவுகிற இடத்துக்கே போனார். அடுக்கி வைத்த கற்களில் நுரை அடங்கித் தண்ணீராகிக் கிடந்தது. எல்லாவற்றிலும் ஒரே ஒரு ஸ்பூன் தடம். சுத்தமான ஸ்பூன் ஒன்றை எடுத்து, யாரோ சாப்பிட்டு மீந்த அந்தக் கல்லிலிருந்தே ஒரு வாய் எடுத்து வைத்தார். எனக்குக் கால் தரையில் இல்லை.

"ஆறாம் டேபிள் எந்தா பறஞ்ஞு?" என்று கேப்டனைக் கேட்டார்.

கேப்டன் தயங்கினார். "போல்ட் ஃப்ளேவர்னு சொன்னாங்க செஃப்." துணிச்சலான ருசியாம்.

செஃப் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை. நான் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது. ஆனால் அவரை வாட்டியது என் உப்பு இல்லை, அந்த 'போல்ட்'தான் என்று இப்போது தோன்றுகிறது. தலைக்கு 3,500 ரூபாய் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள், நாக்கு சொல்வதை நம்பாமல் மெனு கார்டை நம்பினார்கள். உப்புக் கரித்தால், இது இப்படித்தான் இருக்கும் போல, நமக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். வீட்டில் என்றால் தட்டைத் தள்ளியிருப்பார்கள்.

ஸ்லோவிக்குக்குக் கிறுக்குப் பிடித்ததும் இங்கேதான் என்று நினைக்கிறேன். பல முறை வந்துபோன பணக்காரத் தம்பதியிடம், போன தடவை சாப்பிட்டதில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்கிறார். தடுமாறி 'காட்' மீன் என்கிறார்கள். அவர் போட்டது ஹாலிபட். விருந்துக்கு வந்த உணவு விமர்சகி ஒருத்திக்குத்தான் சாஸ் திரிந்திருப்பது தெரிகிறது. அதற்குப் பரிசாக அவள் மேசைக்குத் திரிந்த சாஸே ஒரு பெரிய பாத்திரம் நிறைய வருகிறது. டைலர் என்ற ரசிகனோ, பக்கத்தில் ஆள் செத்துக்கொண்டிருந்தாலும் ருசித்துக்கொண்டே இருக்கிறான். அவனை அடுப்படிக்குக் கூப்பிட்டு, சமைத்துக் காட்டு என்று விடும் காட்சிதான் படத்தின் மிகக் கொடூரமான இடம். துப்பாக்கி வெடிக்கிற இடம்கூட அதற்கு ஈடாகாது. நடுவில் ஆண்களைக் காட்டுக்குள் ஓடவிடுவதெல்லாம் எனக்குச் சவசவ என்று இருந்தது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தது வேறு இடத்தில். அன்யா டெய்லர்-ஜாய் நடித்த மார்கோ தட்டைத் தொடாமல் வைத்திருக்கிறாள். செஃப் வந்து, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கிறார். அத்தனை பேரையும் கொல்லப் போகிற ஆள், ஒருத்தி சாப்பிடாததற்காக மேசை வரை நடந்து வருகிறார். கடைசியில் அவள் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, எனக்கு இன்னும் பசிக்கிறது, ஒரு சீஸ் பர்கர் போடு என்கிறாள். விலை 9.95 டாலர். அவர் அடுப்புக்கல்லில் இறைச்சியை அழுத்தும்போது முகம் மாறுகிறதே, அதற்காகவே ரேஃப் ஃபைன்ஸைக் கும்பிடலாம். ஒரு கடி கடித்துவிட்டு மிச்சத்தைப் பார்சல் கட்டச் சொல்கிறாள். கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். அந்த இரவில் உயிரோடு போகிற விருந்தாளி அவள் ஒருத்திதான்.

எங்கள் கிச்சனில் பர்கர் கதையெல்லாம் நடக்கவில்லை. மறுநாளிலிருந்து சர்வீஸுக்கு முன் ஒரு ஸ்பூன் நுரை அக்காவுக்குப் போக வேண்டும் என்று செஃப் சொன்னார், அவ்வளவுதான். அக்கா முதல் நாள் வாயில் வைத்துவிட்டு, "உப்பு சரியா இருக்கு. கிழங்கு எங்க?" என்றார். செஃப் அதற்குப் பதில் சொல்லவில்லை. ஒரு மாசம் கழித்து நுரைக்கு அடியில் கையால் மசித்த கப்பை ஒரு உருண்டை வந்து சேர்ந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கற்கள் திரும்பி வரும்போது வழிக்க அதிகம் இல்லாமல் போயிற்று.

இந்தப் படத்தைப் போன தீபாவளிக்கு அக்கா வீட்டில் என் போனில் போட்டுக் காட்டினேன். நான் தமிழில் சொல்லச் சொல்லப் பாதிவரை பார்த்தார். ரத்தத்துக்கெல்லாம் அசையவில்லை. "எத்தனை பேரு நிக்கிறாக, பாத்திரம் கழுவுற ஆள ஒரு தடவகூடக் காட்டலயே" என்று மட்டும் கேட்டுவிட்டு, உலை கொதிக்கிறது என்று எழுந்து போனார்.

அந்த ரிசார்ட் கைமாறிவிட்டது. புது ஆட்கள் கல்லை எல்லாம் ஒழித்துவிட்டு வெள்ளைப் பீங்கானுக்குப் போய்விட்டார்கள். தூக்கிப் போட்டதில் ரெண்டை அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். சோற்றுப் பானையை இறக்கி வைக்கத் தோதாக இருக்கிறதாம். எண்ணெய் தடவுவதில்லை.