பதினாலரை அங்குல மீன்

அப்பா மேட்டூர் அணையில் பரிசல் போட்டு மீன் பிடித்தவர். சாயங்காலம் வலை விட்டுவிட்டு வருவார், விடியும் முன் போய் எடுப்பார். நான் பள்ளிக்கூடம் கிளம்புவதற்குள் கட்லாவும் ஜிலேபியும் தராசில் ஏறியிருக்கும். எங்கள் வீட்டில் தண்ணீர் என்றால் வேலை. பொழுதுபோக்க யாரும் அணைக்குள் போனதில்லை.

அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில்லுக்கு வேலைக்கு வந்த புதிதில், சனிக்கிழமை காலைகளில் 431ஆம் சாலையில் வண்டிக்குப் பின் வண்டியாகப் படகை இழுத்துக்கொண்டு போவார்கள். எங்கே போகிறார்கள் என்று ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். முக்கால் மணி நேரத்தில் கன்டர்ஸ்வில் வந்தது. ஊரைச் சுற்றி மூன்று பக்கமும் தண்ணீர். காரை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் கரையிலேயே நின்றேன். வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் மனசு கொஞ்சம் இளகியது.

கன்டர்ஸ்வில் ஏரி என்பது பெயருக்குத்தான். உண்மையில் அது டென்னசி ஆறு. டி.வி.ஏ. என்கிற அரசு அமைப்பு 1939-இல் கட்டி முடித்த அணை, மேலே நிக்கஜாக் அணை வரை சுமார் 75 மைல் நீளத்துக்கு ஆற்றைத் தேக்கி வைத்திருக்கிறது. மேட்டூர் 1934. இது ஐந்து வயது இளையது, அவ்வளவுதான்.

ஆனால் கரையைப் பார்த்ததும் ஏதோ ஒன்று இடித்தது. தண்ணீர் ஏறி இறங்கிய தடமே இல்லை. மேட்டூரில் 120 அடி நிரம்பினால் கடல் மாதிரி இருக்கும். வற்றினால் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிய கோயிலின் நந்தி வெளியே வரும், பழைய தேவாலயத்தின் கோபுரம் தெரியும். இங்கேயோ வீட்டுப் புல்தரை நேராகத் தண்ணீரில் போய் முடிகிறது. மரப்பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் எப்போது வற்றும் என்று கேட்டேன். வருடம் முழுக்கப் பார்த்தாலும் இரண்டடிதான் வித்தியாசம் என்றார். வெள்ளத்தைத் தாங்கும் வேலையில் பெரும்பங்கு நாரிஸ் மாதிரி துணையாறுகளில் இருக்கிற அணைகளுக்கு. சரக்குப் படகுகள் போக ஆழம் வேண்டும் என்பதால் பெரிய ஆற்றில் மட்டத்தை இறங்க விடமாட்டார்கள். கோடையில் மட்டும் கொஞ்சம் ஏற்றி இறக்குவார்களாம். கரையோரக் கொசுப் புழு காய்ந்து சாகட்டும் என்று, மலேரியா இருந்த காலத்தில் தொடங்கிய பழக்கம்.

அந்தப் பெரியவர்தான் எனக்கு இங்கே தண்ணீரைச் சொல்லிக்கொடுத்தவர். 16 வயதானால் மீன் பிடிக்க உரிமம் வேண்டும் என்று சொல்லி, வாங்கி வர அனுப்பினார். அடுத்த வாரம் தன் தூண்டில் ஒன்றைக் கையில் கொடுத்தார். ஒன்பது மணி வாக்கில் ஒரு இழுப்பு. வலையில் மீன் எடுத்தவன் மகனுக்கு அந்த இழுப்பு புதுசு. ஒற்றை உயிர் நேராக மணிக்கட்டில் வந்து பேசுகிறது. முதுகு பச்சை, விலாவில் கறுப்புக் கோடு, வாய் ரொம்பப் பெரிசு. லார்ஜ்மவுத் பாஸ். பெரியவர் அளவுப் பலகையை எடுத்து, மூக்கை ஒரு முனையில் முட்டக் கொடுத்து, வாலைச் சேர்த்துப் பிடித்தார். பதினாலரை. இந்த ஏரியில் 15 அங்குலம் இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். அரை அங்குலத்துக்கு, குழம்புக்கு ஆன மீனைத் திருப்பித் தண்ணீரில் விடச் சொல்கிறார். கீழ்த்தாடையைப் பிடித்துத் தண்ணீரில் தாழ்த்தினேன். செவுள் இரண்டு தரம் விரிந்து மூடியது, வாலால் ஒரு அடி. போய்விட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “சினை மீனா கண்ணு?” என்றார். தெரியவில்லை என்றேன். “பரவால்ல, விட்டது சரிதான். நாங்களும் சின்னக் கண்ணு வலை போடக்கூடாதுன்னு பேசி வெச்சிருந்தோம். போட்டவனுக்கு அடுத்த வருசம் மீன் இல்ல.” அங்கே வலைக்கண் அளந்ததை இங்கே பலகை அளக்கிறது. அதற்கப்புறம் திருப்பி விடும்போது கை தயங்கியதில்லை.

படகு ஓட்டவும் இங்கே பரீட்சை உண்டு. தேறினால் கார் உரிமத்திலேயே ‘வி’ என்று ஒரு எழுத்து சேர்ப்பார்கள். நான் தேறினேன். ஆனாலும் முதல் முறை வாடகைப் படகில் குடும்பத்தோடு போனபோது பாசித் திட்டுக்குள் விட்டு, விசிறியில் பாசி சுற்றி இயந்திரம் நின்றுவிட்டது. மேற்கே இடி மேகம் வேறு. பின்னோக்கி இயக்கிச் சுழற்றினால் பாசி தானே கழன்றுவிடும் என்று யாரோ அடுத்த படகிலிருந்து கத்தினார்கள். கழன்றது. எட்டு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு உயிர்காப்பு அங்கி கட்டாயம். என் மகன் போட்டிருந்தான். அன்று முதல் நாங்கள் எல்லோருமே போடுகிறோம். நீச்சல் தெரியும் என்கிற தைரியம் வேண்டாம் என்று இங்கே வருகிற நம் ஆட்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். அந்தப் பாசி ஹைட்ரில்லா, நம் குளங்களில் கிடப்பதுதான். கரை வீட்டுக்காரர்களுக்கு அது தொல்லை. தூண்டில்காரர்களுக்கோ அதன் நிழலில்தான் பாஸ் இருக்கிறது.

போன ஏப்ரலில் அப்பா வந்தார். டாக்வுட் மரங்கள் வெள்ளையாகப் பூத்திருந்தன. அந்தப் பூ வந்தால் கிராப்பி மீன் முட்டையிடக் கரைக்கு வரும் என்பது இந்த ஊர்க் கணக்கு. அப்பாவுக்கு ஏழு நாள் உரிமம் வாங்கி, பெரியவர் படகில் ஏறினோம். ஆழம் காட்டும் திரையில் பழைய ஆற்றுத் தடம் பள்ளமாகத் தெரிந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அடியில ஊரு இருந்துதா?” என்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை அப்புறப்படுத்தினார்கள் என்றேன். கையைத் தண்ணீரில் விட்டபடி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

கிராப்பி ஒன்பது அங்குலம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். மகன் ஒவ்வொன்றாக அளந்து கொடுக்க, பதினொன்று தேறின. கரையில் மீன் அறுக்கும் மேசையில் பெரியவர் இரண்டு பக்கச் சதையைச் சீவி எடுத்துக்கொண்டு, தலையையும் முள்ளையும் வாளியில் தள்ளினார். அப்பா பதறிப்போய் வாளியைப் பிடித்துக்கொண்டார். குழம்புக்கு ருசியே தலைதான் என்று நான் விளக்கிச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை பெரியவர் ஐஸ் பெட்டியைத் திறந்தார். உள்ளே பெரிய கெளுத்தித் தலைகள் நாலு, கழுவி, பையில் கட்டி, அப்பாவுக்கென்று எடுத்து வைத்திருந்தார்.