செவலையின் முன்னங்கால்

இங்கிலாந்தில் லாம்போர்ன் என்ற கிராமத்தில், ஒரு பந்தய லாயத்தில் ஏழு குளிர்காலம் வேலை பார்த்தேன். சென்னை கிண்டிப் பந்தயத் திடலில் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவனாக இருந்தபோது கற்றதுதான் அங்கேயும் சோறு போட்டது. விடியற்காலையில் தீவனம் வைத்த கையோடு, ஒவ்வொரு குதிரைக்கும் முன்னங்காலை முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாகத் தடவிப் பார்க்க வேண்டும். தசைநாரில் ஓரிடம் மட்டும் சூடாக இருந்தாலோ, விரலுக்கு மெத்தென்று பட்டாலோ அன்றைக்கு அதற்கு ஓட்டம் கிடையாது. "கண்ணால பாக்காதப்பா, கையால பாரு" என்பார் கிண்டியில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர்.

கிண்டியில் சமதள ஓட்டம்தான். தடை தாண்டும் பந்தயத்தை லாம்போர்ன் போனபிறகுதான் நேரில் பார்த்தேன். அரை டன் உடம்பு நாலரை அடி வேலியைத் தாண்டி, முதலில் ஒற்றை முன்னங்காலில் இறங்குகிறது. அந்தக் காலில் முழங்காலுக்குக் கீழே சதையே கிடையாது. எலும்பு, நார், தோல், அவ்வளவுதான்.

எதற்கு இப்படி ஒரு பந்தயம் என்று லாயத்து மேஸ்திரியிடம் கேட்டேன். 1752-இல் அயர்லாந்தின் கார்க் பகுதியில் இரண்டு பேர் பந்தயம் கட்டி, பட்டவன்ட் தேவாலயக் கோபுரத்திலிருந்து டோனரைல் கோபுரம் வரை வேலியும் வாய்க்காலும் தாண்டி ஓட்டிய கதையைச் சொன்னார். பிறகு சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. சமதளத்தில் இரண்டு வயதிலேயே ஓட விடுகிறார்கள். சீக்கிரமே வேகம் பத்தாது என்று தெரிந்துவிட்டால் அதை வைத்துக்கொள்ள ஆள் இல்லை. தடை தாண்டும் குதிரை பத்து, பன்னிரண்டு வயதுவரைகூட ஓடும். பெரும்பாலும் காயடித்தவை என்பதால் இனவிருத்திப் பணமும் வராது. "இந்த ஆட்டம் இல்லாவிட்டால் உன் செவலைக்கு யார் தீவனம் போடுவார்கள்?" என்றார்.

செவலை அப்படி வந்த குதிரைதான். ஐந்து வருடம் என் கையால் தின்றது. முப்பது தடவைக்குமேல் ஓடியது. ஒரு மார்ச் மாதம், கடைசிக்கு முந்தைய வேலியை அழகாகத்தான் தாண்டியது. இறங்கியபோது கால் மடங்கியது. எழுந்து நின்றது, ஆனால் இடது முன்னங்காலைத் தரையில் ஊன்றவில்லை. பச்சைத் திரையைக் கொண்டுவந்து மறைத்தார்கள். கட்டுப்போட்டால் ஆகாதா என்று ஊரில் கேட்கிறார்கள். வாரக்கணக்கில் குதிரையைப் படுக்கவைக்க முடியாது. பாரம் முழுக்க மற்றக் காலுக்குப் போய் அந்தக் குளம்பும் கெட்டுவிடும். செவலைக்கு இருந்த முறிவுக்கு வழியே இல்லை. கடிவாளத்தை என் கையில் கொடுத்தபோது இரும்பில் நுரை காயவில்லை.

பந்தயம் நடத்துகிறவர்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்தின் பெயர்பெற்ற தடைப் பந்தயமான கிராண்ட் நேஷனலின் வேலிகளுக்குள் இருந்த மரக்கட்டையை 2013-இல் எடுத்துவிட்டார்கள். 2024 முதல் அங்கே 40-க்குப் பதில் 34 குதிரைகள்தான் ஓடுகின்றன. குதிரைக் கண்ணுக்கு ஆரஞ்சு நிறம் எடுப்பாகத் தெரியாது என்பதால் வேலி அடையாளங்களை வெள்ளையாக மாற்றினார்கள். எல்லாம் நல்லதுதான். இருந்தும் பிரிட்டனில் தடைப் பந்தயத்தில் ஆயிரம் ஓட்டத்துக்குத் தோராயமாக நான்கு குதிரைகள் சாகின்றன. நான்குதானே என்பவர்கள் ஒரு குதிரை ஒரு தடவையோடு நிற்பதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். முப்பது தடவை ஓடினால் அந்தக் கணக்கு பத்தில் ஒன்றைத் தாண்டிவிடுகிறது.

மேஸ்திரி சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தக் குதிரையைப் பிறக்க வைத்ததே நாம்தான். ஓட்டத்தில் பிந்திவிட்டது என்பதற்காக, வேலி தாண்டினால்தான் உனக்குச் சோறு என்று அதனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறு வாரம் செவலையின் கொட்டடிக்கு வேறொரு குதிரை வந்தது. மூன்றாம் நாள் காலை தடவியபோது வலது முன்னங்காலில் காசளவு இடம் சூடாக இருந்தது. சனிக்கிழமை ஓட வேண்டிய குதிரை. உரிமையாளர் குடும்பத்தோடு வருகிறார், காலில் வீக்கம்கூட இல்லையே என்றார் ட்ரெயினர். அவர் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன்.