காலை 4.30 முதல் 6.30 வரை

தமிழ்நாடு அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வில் 200 கேள்வி, 3 மணி நேரம். அதில் சரிபாதி, 100 கேள்வி, தமிழ்ப் பகுதியில். பள்ளிப் பாடப்புத்தகங்களை ஊன்றிப் படித்தால் அதைப் பிடித்துவிடலாம் என்று நம்புகிறேன். ஆனால் கடை வேலை முடிந்து வீடு வர இரவு பத்தாகிவிடும். அப்புறம் புத்தகத்தைத் திறந்தால் கண் சொருகும்.

போன மாதம் இரவுப் படிப்பையே விட்டுவிட்டேன். இப்போது காலை 4.30 முதல் 6.30 வரை தமிழ். ஞாயிறு மட்டும் கணக்கு. கணக்கு வரும் திறனறிவுப் பகுதியில் 25 கேள்வி இருக்கிறது, விடக் கூடாது.

சித்தி மகள் வளைகாப்புக்குப் போகவில்லை. சித்திக்கு வருத்தம், எனக்கும்தான். போனில் பேசினேன். "பரீட்சை முடிஞ்சதும் வந்து நாலு நாள் இருந்துட்டுப் போம்மா" என்றார்.

அம்மா எனக்கு முன்பே எழுந்து டீ போட்டு வைக்கிறார். ஏழாம் வகுப்புத் தமிழ் நேற்று முடிந்தது.