புத்தகத்துக்குப் பின்னால் ஒட்டிய 'எஸ்'

எங்கள் தெருவில் ஓர் அக்கா வீட்டு மாடியில் சின்ன நூலகம் நடத்துகிறார். யார் எதை எடுத்துப் போனார்கள் என்பதெல்லாம் ஒரு நீள நோட்டில் இருந்தது. அதைக் கணினிக்கு மாற்றித் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். திரைகளை நானே செய்ய உட்கார்ந்தால் ஆறு மாதம் ஓடிவிடும். அதனால் வலைத்தளம் கட்ட உதவும் பைத்தான் மென்பொருளான ஜாங்கோவோடு கூடவே வரும் அட்மினை, அதாவது தரவைச் சேர்க்கவும் திருத்தவும் உதவும் ஆயத்தத் திரைகளை, எடுத்துக்கொண்டேன். ஜாங்கோ வளர்ந்ததே அமெரிக்காவில், கான்சாஸ் மாநிலத்துச் செய்தித்தாள் அலுவலகம் ஒன்றில். நிரல் எழுதாதவர்களும் தளத்தில் செய்தி ஏற்ற வேண்டியிருந்த இடம் அது. அக்காவுக்குப் பொருந்தும் என்று நினைத்தேன்.

தரவுத்தள அட்டவணைகளை உருவாக்க மைக்ரேட், எல்லா அதிகாரமும் உள்ள கணக்கைத் திறக்க கிரியேட்சூப்பர்யூசர், மூன்று மாடல்களை (ஒவ்வொரு வகைத் தரவுக்குமான வடிவம்) அட்மினில் பதிவு செய்ய மூன்று வரி. பத்து நிமிடத்தில் லாகின் பக்கம் வந்துவிட்டது.

"தம்பி, இதுல எது எந்தப் புத்தகம்?" என்றார் அக்கா. எல்லா வரியிலும் 'புக் ஆப்ஜெக்ட்', அடைப்புக்குறிக்குள் ஓர் எண். ஒரு பதிவை எந்தப் பெயரில் காட்டுவது என்று சொல்லும் எஸ்டிஆர் மெத்தடை மாடலில் எழுதித் தலைப்பை வரவைத்தேன். மாடலின் பெயரைத் தமிழில் கொடுத்தால் 'புத்தகம்' என்பதன் வாலில் ஆங்கில 'எஸ்' ஒட்டிக்கொண்டது! பன்மைக்கு ஜாங்கோ அறிந்த இலக்கணம் அவ்வளவுதான். வெர்போஸ்நேம்ப்ளூரலில் 'புத்தகங்கள்' என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

இரவல் படிவம்தான் உண்மையான தொல்லை. புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் அத்தனை தலைப்புகளும் கொட்டிக் கிடந்தன. உருட்டி உருட்டி விரல் வலித்தது. தட்டத் தட்டத் தேடித் தரும் ஆட்டோகம்ப்ளீட்ஃபீல்ட்ஸ் போட்டேன், சர்வர் கிளம்பவே மறுத்தது. புத்தக அட்மினில் எதில் தேடுவது என்று சொல்லும் சர்ச்ஃபீல்ட்ஸ் இருந்தால்தான் அது வேலை செய்யுமாம். சேர்த்ததும் இரண்டு எழுத்து தட்டினாலே புத்தகம் வந்து நின்றது.

சர்வரில் ஏற்றி, உருவாக்கும்போது மட்டும் வைத்திருக்கும் டீபக் நிலையை நிறுத்திய அன்று பக்கம் அலங்காரமெல்லாம் உதிர்ந்து வெறும் எழுத்தாக நின்றது. அட்மினின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்புகளை யாரும் அனுப்பவில்லை. அவற்றை ஒரே கோப்புறையில் சேர்க்கும் கலெக்ட்ஸ்டாட்டிக் கட்டளையை ஓட்டி, அந்தக் கோப்புறையை வலைச் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸுக்குக் காட்டியதும் சரியானது. இது புரிய எனக்குப் பாதி ராத்திரி போயிற்று.

அக்காவுக்கு சூப்பர்யூசர் கொடுக்கவில்லை, அட்மினுக்குள் நுழைய மட்டும் விடும் ஸ்டாஃப்தான். உள்ளே போனால் ஒன்றுமே தெரியவில்லை என்றார். அனுமதிகளைத் தனித்தனியாகத் தர வேண்டும் என்பதை மறந்திருந்தேன். பார்க்க, சேர்க்க, மாற்ற என மூன்றும் தந்தேன். நீக்க மட்டும் தரவில்லை. நான் கேஸ்கேட் வைத்திருந்ததால் ஓர் உறுப்பினரை நீக்கினால் அவருடைய இரவல் கணக்கும் கூடவே போய்விடும். அக்கா அந்தப் பொத்தான் இல்லாததை இன்னும் கவனிக்கவில்லை.